இறுகிப்போன மூடி

“அந்தத் தட்டத் தொடாதீக.”

மாரித்தாய் போட்ட சத்தத்தில், குளிர்பெட்டிக்கு இடம் ஒதுக்கிக்கொண்டிருந்த இரண்டு பேரும் கையை இழுத்துக்கொண்டார்கள். சன்னலோரப் பலகைமேல் ஒரு எவர்சில்வர் தாம்பாளம் இருந்தது. பழைய வேட்டித் துணியை விரித்து, அதன்மேல் ஒரு தூண்டில் ரீலின் உறுப்புகளைக் கழற்றிய வரிசையிலேயே வைத்திருந்தார்கள். கைப்பிடி, பல்சக்கரம், நரம்பு சுற்றும் உருளை, உளுந்தளவு திருகாணிகள் என்று நாற்பது உருப்படி தேறும். கழற்றின வரிசைக்குத் தலைகீழாகத்தான் பூட்ட வேண்டும், ஒன்று இடம் மாறினாலும் ரீல் சுற்றாது. பத்து வருசமாக இந்தப் பாடத்தை அந்த வீட்டில் சொல்லிக்கொண்டிருந்த அவள் புருசன் சங்கிலிமுத்து, வாசலில் ஆம்புலன்சுக்குள் கிடந்தார்.

“எம்மா, பெட்டிய வைக்க வேற எடம் இல்லையேம்மா” என்றான் மகன் புகழேந்தி.

“பந்தல்ல வையி. உள்ள கொண்டாந்து என்ன செய்யப் போற.”

சொன்ன பிறகு அவளுக்கே எரிச்சலாக இருந்தது. அந்தத் தாம்பாளத்தைத் தூக்கிக் குப்பையில் கொட்டுவேன் என்று அவள் சொல்லாத ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஆறு நாள் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன் வேலை, ஏழாம் நாள் இந்த இழவு. வெம்பக்கோட்டை அணையில் தூண்டில் போடுகிறவர்கள், தூத்துக்குடியில் படகு வைத்திருப்பவர்கள், எங்கெங்கிருந்தோ துருப்பிடித்துச் சுற்றாமல் நின்றுபோன ரீல்களைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். மனுசன் அதை வாங்கி வெந்நீரில் போட்டு உப்பைக் கரைத்து, காயவைத்து, இறுகின திருகாணித் தலையில் மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் கலந்து ஒரு சொட்டு விட்டுவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பார். மறுநாள் விரலால் லேசாகத் திருப்பிப் பார்ப்பார். அசையாவிட்டால், “அதுக்கு இன்னும் மனசு வரல” என்று இன்னொரு சொட்டு விடுவார்.

“ஒரு திருகாணியத் தெறக்க மூணு வாரமா? ஓங்கி ஒரு தட்டு தட்டுனா தெறிச்சிட்டுப் போவுது” என்பாள் மாரித்தாய்.

“பதறாத காரியம் சிதறாதுட்டி” என்பார் அவர்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் கம்பெனியில் வெடிமருந்து ரூம் வெடித்தது. வியாழக்கிழமை விடிய மதுரை ஆஸ்பத்திரியில் உயிர் போனது. வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டி, முகத்தில் உள்ளங்கையளவும் இடது காலும் மட்டும் தெரிய விட்டுக் கொடுத்தார்கள். கட்டை அவிழ்க்கக் கூடாது என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சொந்தக்காரப் பெண்கள் நீர்மாலைக்குப் போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்துவந்து, எப்படிக் குளிப்பாட்டுவது என்று தெரியாமல் நின்றார்கள். ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசியில் வெளியே தெரிந்த இடது காலில் மட்டும் ஊற்றினார்கள். அந்தக் காலில் ஒரு காயமும் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க மாரித்தாய்க்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

மூன்று மணிக்குக் கம்பெனி மேனேஜர் சரவணக்குமார் ரோசாமாலையோடு வந்தார். முதலாளியின் அக்கா மகன், முப்பது வயசு தாண்டியிருக்காது. மாலையைப் பெட்டிமேல் வைத்துக் கும்பிட்டுவிட்டு, மாரித்தாயின் அண்ணன் செந்தூர்பாண்டியை ஓரமாகக் கூட்டிப்போய் ஏதோ பேசினார். திரும்பி வந்த அண்ணன் கையில் ஒரு காகிதம் இருந்தது.

“ஏத்தா மாரி, ஒரு கையெழுத்து மட்டும் போட்ரு. மத்ததெல்லாம் அவுக பாத்துக்கிடுவாக.”

“பொணத்த வச்சுக்கிட்டா?”

“இன்னைக்கே சர்க்கார் ஆபீசுல குடுக்கணுமாம். இல்லன்னா கம்பெனிக்கு சீல் வச்சிருவாகளாம். தீவாளி ஆர்டர் கெடக்கு. நம்ம தெருவுலயே இருவது பேரு அங்கன வேல பாக்காக. எல்லாரும் வாயில மண்ணத்தான் போட்டுக்கிடணும்.”

“ஏலே புகழு, படி.”

புகழேந்தி வாங்கி வாசித்தான். பாதியில் அவன் குரல் இறங்கியது. “எனது கணவர் சங்கிலிமுத்து அவர்கள், இறுகிப்போன மருந்து டப்பாவின் மூடியை, யாருடைய அனுமதியும் இன்றித் தன்னிச்சையாக இரும்புக் கம்பியால் அடித்துத் திறக்க முயன்றதே விபத்துக்குக் காரணம் என்பதை…”

“இரும்புக் கம்பியாலயா?”

மாரித்தாய் எழுந்தாள். உள்ளே போய்ச் சன்னல் பலகைக்குக் கீழே இருந்த தகரப்பெட்டியை இழுத்துவந்து, சரவணக்குமாரின் நாற்காலிக்கு முன்னால் கவிழ்த்தாள். சாமான்கள் பாயில் உருண்டன. பித்தளைக் கம்பியை அவரே அரத்தால் ராவிச் செய்த திருப்புளிகள், புளியங்கட்டையில் ஒரு சின்னச் சுத்தி, மூங்கில் குச்சிகள், தேய்ந்த பல்துலக்கும் பிரசு.

“பாருங்க சார், நல்லாக் குனிஞ்சு பாருங்க. இதுல ஒரே ஒரு இரும்புச் சாமான எடுத்துக் காட்டுங்க, இந்தா இப்பவே கையெழுத்துப் போடுதேன். மருந்துல பொழங்குத கைக்கு இரும்புப் பழக்கமே ஆவாதுன்னு வீட்டுலகூட பித்தளையத்தான் வச்சிருந்த மனுசன். கடல்ல விழுந்த ரீலு ஒண்ணு, பாற மாதிரி இறுகிக் கெடந்துச்சு. இருவத்திரெண்டு நாளு எண்ணெ விட்டுத் தெறந்தாரு. நான் தலகீழா நின்னேன், ஒரு தட்டுத் தட்டல. அவரா கம்பியத் தூக்கி மருந்து டப்பாவ அடிச்சாரு?”

பந்தலில் சலசலப்பு எழுந்தது. சங்கிலி அண்ணன் அப்படிச் செய்கிற ஆள் இல்லை என்று ஒருத்தர் சொல்ல, நாலு பேர் ஆமாம் போட்டார்கள்.

“யம்மா, நீங்க ஆத்திரத்துல பேசுறீங்க” என்றார் சரவணக்குமார். “நான் அங்கதான் இருந்தேன்.”

“இருந்தீகளா? அவரு மேலெல்லாம் வெந்து கெடக்காரு. ஒங்க மேல ஒரு தீக்காயங்கூட இல்லையே.”

“போன் வந்துச்சு, அப்பத்தான் வெளிய வந்தேன்.” அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

கூட்டம் தன் பக்கம் நிற்கிறது என்று மாரித்தாய்க்குத் தெரிந்தது. ஆனாலும் ஒரு ஆள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. சோலைச்சாமி. சங்கிலிமுத்துவுக்குக் கீழே எட்டு வருசமாக வேலை பார்க்கிறவன், அண்ணே அண்ணே என்று வாய்க்கு வாய் சொல்லுகிறவன். வலதுகையில் முழங்கைவரை கட்டோடு பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு, பாயில் கிடந்த கட்டைச் சுத்தியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரே பரிந்து பேசுகையில் இவனுக்கு என்ன கேடு? அவள் நேரே போய் அவன் சட்டையைப் பிடித்து, வீட்டுப் பின்பக்கம் தண்ணீர்த் தொட்டியடிக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

“சொல்லு.”

“என்னத்த மதினி சொல்லச் சொல்லுதீக.”

“நீ வாயப் பொத்திக்கிட்டு நிக்கியே, அதச் சொல்லு. அவரு அடிச்சாரா?”

சோலைச்சாமி தொட்டித் தண்ணீரைப் பார்த்தான். “அடிச்சாரு மதினி.”

மாரித்தாய் அவன் சட்டையிலிருந்து கையை எடுத்தாள்.

“முந்தின நாளு மிச்ச மருந்து. அத வைக்கவே கூடாது. மேனேஜர்தான் காலைல எடுத்துக்கிடலாம், மூடி வைங்கன்னாரு. ராத்திரி சாரல் அடிச்சு மூடி அப்பிடியே பிடிச்சுக்கிடுச்சு. அண்ணன் பாத்துட்டு, ‘இதத் தொட வேண்டாம் சார், வெளிய தூக்கி வச்சு ஓரத்துல எண்ணெ விடுவோம், நாளைக்குத் தன்னால வரும்’னாரு. லோடு லாரி நின்னுக்கிட்டிருந்துச்சு. மேனேஜர் மொறச்சாரு. ‘சங்கிலி, ஒம் ரீலு வேலைய வீட்டோட வச்சுக்க. இது கம்பெனி. ரெண்டு தட்டுத் தட்டித் தொறப்பியா, எண்ணெ விட்டு ஒக்காந்து மீன் பிடிப்பியா’ன்னாரு.”

“அப்புறம்?”

“எல்லாரும் சிரிச்சோம்.”

“நீயி?”

“நானுந்தான் சிரிச்சேன் மதினி.” அவன் கட்டுப் போட்ட கையை இடதுகையால் தாங்கிக்கொண்டான். “வெளிக் கேட்டப் பூட்டுத இரும்புக் கம்பி ஏங்கையிலதான் இருந்துச்சு. அண்ணன் எல்லாரையும் ஒருக்காப் பாத்தாரு. ‘எல்லாரும் வெளிய போங்கலே’ன்னாரு. ஏங்கையிலருந்து கம்பியப் பிடுங்கிக்கிட்டாரு. நான் வாசப்படிகூடத் தாண்டல.”

இவ்வளவு நேரம் மாரித்தாய்க்கு மேனேஜர்மேல் இருந்த கோபம் எங்கேயும் போய்விடவில்லை. அது அப்படியே இருக்க, அதற்குமேல் இன்னொரு கோபம் வந்து நின்றது. விறுவிறுவென்று பந்தலுக்கு நடந்தாள். பெட்டியின் தலைமாட்டில் நின்று, உள்ளங்கையளவு தெரிந்த முகத்தைப் பார்த்தாள்.

“ஏன்யா, நாலு பேரு சிரிச்சா அடிச்சிருவீகளோ?” என்றாள். பெண்கள் ஒப்பாரியை நிறுத்தினார்கள். “நான் எம்புட்டுச் சிரிச்சிருக்கேன். எம்புட்டு ஏசிருக்கேன். ரீலத் தூக்கிக் குப்பையில போடுவேன்னு எத்தன மட்டம் சொல்லிருக்கேன். அன்னைக்கெல்லாம் அசைஞ்சீகளா? கல்லு மாதிரி ஒக்காந்திருந்தீகளே. வீட்டுல புலி, வெளியில எலியா? எங்கிட்ட இருந்த வீம்பு அந்தப் பொடிப்பயகிட்ட எங்கய்யா போச்சு? முடியாதுன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன, வேலய விட்டுத் தூக்குவானா? தூக்கட்டுமே. வெடிக்குத் திரி வெட்டிக் கஞ்சி ஊத்தியிருக்க மாட்டேனா நான்? பதறாத காரியம் சிதறாதுன்னு சொல்லிச் சொல்லி எங்காது புளிச்சுப்போச்சு. கடைசில பதறுனது யாரு? பாவி மனுசா.”

யாரோ ஒரு அக்கா வந்து தோளைக் கட்டிக்கொண்டு, “அளுதுரு மாரி, அளுதுரு” என்றாள். மாரித்தாய் அந்தக் கையை எடுத்துவிட்டாள். அழுவதற்கா நேரம் இது? மூக்கைச் சீந்தி முந்தானையில் துடைத்துக்கொண்டு, அண்ணன் பக்கம் திரும்பினாள்.

“அந்தப் பேப்பரக் குடு.”

செந்தூர்பாண்டியின் முகம் தெளிந்தது. சரவணக்குமார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றியே நீட்டினார். அவள் இரண்டையும் வாங்கி மகனிடம் கொடுத்தாள்.

“எளுதுலே. இரும்புக் கம்பியால அடிச்சதுன்னு இருக்குல்லா, அது நெசந்தானாம். அத அடிக்காத. அனுமதி இல்லாமன்னு ஒண்ணு இருக்கு பாரு, அதக் கோடு போட்டு அடி. அடிச்சிட்டு அதுக்கு மேல எளுது. மிச்ச மருந்த வைக்கச் சொன்னது மேனேஜர் சரவணக்குமாரு. வேண்டாம்னு எம் புருசன் சொன்னாரு. அடிச்சுத் தெறன்னு சொன்னதும் அதே மேனேஜருதான். எளுது.”

“யம்மா, இது டைப் அடிச்ச பேப்பர், இதுல போயி…” சரவணக்குமார் எழுந்துவிட்டார். “யாரு சொன்னா இதெல்லாம்? யாரு பாத்தா?”

“நீங்கதான் அங்கன இருந்தேன்னு சொன்னீகளே சார். ஒங்களுக்குத் தெரியாததையா எளுதச் சொல்லுதேன்?”

“சாட்சி வேணும்மா. சும்மா வாய்க்கு வந்தத எழுதிக்கிட்டு இருந்தா…”

புகழேந்தி எழுதிக்கொண்டிருந்தான். சிவகாசியில் ஆப்செட் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன், எழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். எழுதி முடித்ததும் மாரித்தாய் வாங்கிக் கீழே தன் பெயரைப் போட்டாள். அண்ணன், “மாரி, யோசிச்சுத்தான் செய்யுதியா? இருவது குடும்பம்த்தா” என்றான்.

“யோசிச்சேன். நாளைக்கு அதே ரூமுக்குள்ள போவப் போறதும் அந்த இருவது குடும்பந்தான்.”

மேனேஜர் பந்தலைச் சுற்றிப் பார்த்தார். அன்றைக்கு அந்த ரூமில் அவரைத் தவிர நின்றவர்கள் ஆறு பேர். நாலு பேர் பந்தலுக்கே வரவில்லை. ஐந்தாவது ஆள் பெட்டிக்குள் கிடந்தார்.

சோலைச்சாமியின் மனைவி பாண்டிச்செல்வியும் அதே கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். மறுபடி பந்தல்காலடியில் வந்து நின்றிருந்த அவன் அதை விட்டு நகர்ந்தபோது, அவள் அவன் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்தாள். அவன் நின்றான். திரும்பி அவளைப் பார்த்தான். அவள் பிடித்த பிடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது, பிறகு விட்டுவிட்டாள்.

அவன் வந்து பாயில் குத்தவைத்து உட்கார்ந்தான். “மதினி, சாட்சி நான் போடுதேன்” என்றான்.

வலதுகை கட்டுக்குள் இருந்ததால் பேனாவை இடதுகையில் வாங்கினான். பேனா விரலுக்குள் நிற்காமல் நழுவியது. புகழேந்தி எடுத்துக் கொடுத்தான். மறுபடி வைத்தான். ‘சோ’ எழுதவே நிறைய நேரம் ஆனது. காற்றில் காகிதம் தூக்கியதால், மாரித்தாய் அதன் ஓரத்தைக் கைகளால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

சங்கு ஊதுகிறவர் உள்ளே எட்டிப் பார்த்து, “பொழுது எறங்குது, தூக்கலாமா?” என்றார்.

“இருங்க” என்றாள் மாரித்தாய்.

பாடை தூக்க வந்த நாலு பேரும் தோளில் துண்டை மடித்துப் போட்டபடி நின்றார்கள். மேனேஜரின் காரைத் தெருமுனையில் பின்னால் எடுக்கிற சத்தம் கேட்டது. ‘லை’யின் சுழியில் அவன் கை இரண்டு முறை தடுமாறியது. யாரும் அவனைச் சீக்கிரம் எழுது என்று சொல்லவில்லை.