சந்தேகமாக இருந்தால் விட்டுவிடு

அக்காவின் ஸ்கேன் ரிப்போர்ட்டை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தபோது, என் கையெழுத்தையே பார்த்தது போல இருந்தது. ஈரலில் இருந்த கட்டியைச் சுற்றிச் சிவப்புக் கோடு. மேலே அழகாக வளைந்து வந்து, கீழே கட்டி மங்கத் தொடங்கும் இடத்தில் சட்டென்று உள்ளே திரும்பியிருந்தது. நான் அப்படித்தான் திரும்புவேன்.

கோட்டைப் போட்டது நானல்ல, கம்ப்யூட்டர். அதற்குக் கற்றுக்கொடுத்தது நான். இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் ஆபீசுக்கு ஆயிரக்கணக்கில் ஈரல் படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் கட்டியைச் சுற்றிக் கோடு போட ஆளும் இல்லை, நாளும் இல்லை. முப்பது படத்துக்குக் கையால் போட்டுக் கொடுத்தால் மீதியை அதுவே பார்த்துப் பழகிக்கொள்ளும் என்றார்கள். "ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்மா," என்றார் டீம் லீடர். அந்த ஒரு சோறு நான். மங்கலான ஓரம் வரும்போதெல்லாம் அவரைக் கேட்பேன். டாக்டருக்குப் போன் போட்டு அலுத்துப்போனவர், "சந்தேகமா இருந்தா விட்டுடு" என்பார். முப்பதிலும் மங்கலைக் கோட்டுக்கு வெளியே விட்டேன். கம்ப்யூட்டர் நன்றாகத் தேறிவிட்டதென்று எனக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வேறு தந்தார்கள். அது அக்கா வீட்டில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

"எதுக்குடி இப்படி மொறைச்சுப் பாக்கற? சின்னதுதான்னு சொல்லிட்டாங்க." அக்கா ஆஸ்பத்திரிப் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "கோடு போட்ட வரைக்கும் எடுத்துட்டாப் போதுமாம். திங்கக்கெழம ஆபரேஷன்."

"படத்தை டாக்டர் உக்காந்து பாத்தாராக்கா?"

"கம்ப்யூட்டரே பாத்திருக்கே. மனுஷக் கண்ணுதான் தப்புப் பண்ணும்னார்."

முதல் கோணல் முற்றும் கோணல் என்று சும்மாவா சொன்னார்கள். இதுவரை எத்தனை பேர் ஈரலில் என் கோடு உள்ளே திரும்பியதோ. ஒரு மாதம் அழுது தீர்த்த அக்கா இன்றுதான் பாட்டு முணுமுணுக்கிறாள். சொன்னால் அது போய்விடும். சொல்லாவிட்டால் அவளே போய்விடுவாள்.

மேஜையில் கிடந்த பேனாவை எடுத்தேன். சிவப்புக் கோடு திரும்பிய இடத்தில் வைத்துக் கீழே இறக்கினேன், மங்கலையெல்லாம் உள்ளே சேர்த்துக்கொண்டு.

"ரிப்போர்ட்ல என்னடி கிறுக்கற?"

"சொல்றேன்க்கா. இப்படி வந்து உக்காரு."

பாட்டு நின்றது. பையை அப்படியே விட்டுவிட்டு வந்து என் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். என் பேனா ஈரலின் ஓரத்தையே தொட்டுவிட்டது. அங்கேயும் மங்கல் முடியவில்லை.