இரண்டு விரல் இறக்கம்

என் வீட்டுக்காரரின் இடது தோள் ஒரு கைக்கடிகாரத்துக்குப் போனது. அதுவும் பழைய கடிகாரம், வார் மட்டும் புதுசு. துணி வியாபாரிகள் வீட்டில் பிறந்தவள் நான். எதற்கும் பாதி விலையில்தான் பேச்சை ஆரம்பிப்பேன். அந்தத் தோளுக்கு மட்டும் என்னிடம் விலையே இருந்ததில்லை.

அவர் தபால்காரர். இருபது வருஷம் பை தொங்கித் தொங்கி, இடது தோள் வலதைவிட இரண்டு விரல் இறங்கிவிட்டது. அதில் அவருக்குக் கூச்சம். டாக்டர் முன்னால்கூடச் சட்டையைக் கழற்ற மாட்டார். கடையில் வாங்கும் கையில்லாத ஸ்வெட்டர் எதுவாக இருந்தாலும் இடது பக்கம் உப்பிக்கொண்டு நிற்கும். அதனால் நானே பின்னினேன். காகிதமோ படமோ கிடையாது. அவரை நிற்க வைத்து, மார்பைச் சுற்றி ஒரு நூலைப் போட்டு முடிச்சிட்டேன். நாலு விரல் பின்னியதும் முதுகில் வைத்துப் பார்ப்பேன், மூச்சை இழுத்து விடச் சொல்வேன். தோளுக்கு வந்ததும் இடது பக்கம் ஆறு வரிசை குறைத்து, இறக்கம் தெரியாமலிருக்க அங்கே மட்டும் இரட்டை நூல் போட்டேன். அதைப் போட்டுக்கொண்டு அவர் நிமிர்ந்து நடந்தார்.

நூல்கடைக்காரம்மா அதன் மேல் கண் வைத்துவிட்டார். "ஒரு வாரம் குடும்மா, பின்னல் கண்ணியை எண்ணி எழுதிக்கிட்டுத் தர்றேன்" என்றார். "அது அவர் உடம்புக்கு மட்டும்தாங்க" என்று மறுத்துவிட்டேன்.

போன மாதம் எட்டு நாள் ஸ்வெட்டரைக் காணோம். "ஆபீஸ்லயே விட்டுட்டேன்" என்றார். கையில் கடிகாரம். "கூட வேலை பாக்குறவர் சும்மா குடுத்தாரு" என்றார். சும்மா கொடுப்பவரை நான் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. ஆனாலும் நம்பினேன். கட்டின மனுஷனிடம் போய் எப்படிப் பேரம் பேசுவது?

நேற்று நூல் வாங்கப் போனேன். கடை வாசலில் கம்பியில் பன்னிரண்டு ஸ்வெட்டர் தொங்கின. பன்னிரண்டுக்கும் இடது தோள் இறங்கியிருந்தது. என் வீட்டுக்காரர் பன்னிரண்டு ஆளாகப் பிரிந்து, தலையில்லாமல் நிற்பது போலிருந்தது.

"நல்லா மாட்டிவிட்டீங்கம்மா" என்றார் கடைக்காரம்மா. "உங்க வீட்டுக்காரரே கொண்டுவந்து குடுத்தாரு, ஒரு வாட்சையும் வாங்கிக்கிட்டாரு. நானும் கண்ணி விடாம எண்ணி, ஆள் வச்சுப் பின்னினேன். வாங்கினவங்க அத்தனை பேரும் மூஞ்சியில விட்டெறியுறாங்க. ஒரு பக்கமாச் சாயுதாம்."

"அவர்கிட்டக் கேட்டீங்களா?"

"கேக்காம? 'என் பொண்டாட்டிக்குக் கை கோணல், நானே பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் போட்டுக்கிறேன்'னாரு."

ஸ்வெட்டரைக் கொடுத்ததைக்கூட மறந்துவிடலாம். என் கையையல்லவா கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். உண்மை நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் நாளைக்கு அவர் கடிதம் கொடுக்கப் போகும் வாசலிலெல்லாம் தோளைத்தான் பார்ப்பார்கள். விழுங்கினேன்.

"ஆமாங்க, கோணல்தான். பன்னிரண்டையும் நூல் விலைக்குக் கட்டுங்க."

"அப்போ பின்னின கூலி?"

"கோணலுக்குக் கூலி வேறயா?"

வீட்டில் மூட்டையை அவர் முன்னால் பிரித்தேன்.

"போட்டுப் பாருங்க."

போட்டார். அளவெடுத்தாற்போல் உட்கார்ந்தது. "அட, கச்சிதமா இருக்கே" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார்.

"இருக்காதா? கோணல் கைப் பின்னலாச்சே."

"சும்மா பேச்சுக்குச் சொன்னேன்டி. என் தோளைப் பத்தி அந்தம்மாகிட்ட எப்படிச் சொல்றது?"

"என் கையைப் பத்திச் சொல்ல முடிஞ்சுதே."

அவர் ஸ்வெட்டரைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார்.

குளிர்காலத்துக்கு ஒன்று என்றாலும் பன்னிரண்டு வருஷத்துக்கு அவருக்குக் கவலையில்லை. அத்தனை வருஷமும் நான் நூலை எடுத்து அவர் மார்பைச் சுற்ற வேண்டியதில்லை. கணக்குப் பார்த்தால், அவர் பேரில் பன்னிரண்டு ஸ்வெட்டர், நான் விழுங்கிய ஒரு பேச்சு. என் பேரில் ஒரு கோணல் கை. நூல்கடைக்குப் போய் அவர் வாயாலேயே அதை நிமிர்த்திவிட்டு வரும்வரை, பாக்கி அவருடையது.