ஒரு குண்டு பின்தங்கிய துப்பாக்கி

வெள்ளாங்குன்றில் மலிவான துப்பாக்கிகளின் குண்டுகள் தாமதமாகத்தான் போய்ச் சேரும். விசையை அழுத்தினால் சத்தம் கேட்கும், தோள் அதிரும், புகையும் வரும். குண்டு மட்டும் தனக்கு ஒழிந்த நேரத்தில் வரும். பட்டாளம் அவற்றைக் கழித்துக் கட்டியதற்குக் காரணமே அதுதான். எதிரி அவ்வளவு நேரம் நிற்க மாட்டான். காகிதம் நிற்கும். அதனால் ஊர்க்காரர்கள் அவற்றை ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்குக்கு வாங்கிக்கொண்டார்கள்.

பூசை முடிந்ததும் கோயிலுக்குப் பின்னாலிருக்கும் மண்மேட்டில் தாள்களைக் குத்திவைப்பார்கள். வெள்ளைத் தாள், நடுவில் உள்ளங்கையளவு கறுப்பு வட்டம். ஆளுக்கொரு பாயில் குப்புறப் படுத்துச் சுடுவார்கள். சுட்டு முடித்ததும் தாளைச் சுருட்டி வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். ஏனென்றால் குண்டு இடத்தைத் தேடி வராது, தாளைத் தேடித்தான் வரும். முன்னறையில் ஒரு மணல் மூட்டையைச் சாய்த்து அதன்மேல் தாளை மாட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். என்றைக்காவது பலாக்கொட்டை வெடிப்பதுபோல 'டப்' என்று கேட்கும். கறுப்பில் விழுந்திருந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டில் கேக் போகும்.

சில சமயம் ஞாபக மறதியும் நடக்கும். டீக்கடையில் அப்படி ஒரு தாளில் கட்டிக் கொடுத்த மசால் வடைகளில் உளுந்து வடை மாதிரி ஓட்டை விழுந்தது. ஒரு டீச்சரம்மா அதே மாதிரி ஒரு தாளால் மகனுடைய கணக்கு நோட்டுக்கு அட்டை போட்டுவிட்டார். அந்த வருஷம் முழுக்க அவன் ஓட்டையைச் சுற்றிச் சுற்றியே கணக்குப் போட்டான்.

ஜெசிந்தா யோசித்ததெல்லாம் இந்த ஞாபக மறதியைப் பற்றித்தான். அவள் மகன் அலோசி நடக்கப் பழகியிருந்தான். கையில் அகப்படும் காகிதம் எதுவானாலும் அவனுக்கு அது வாய்க்குள் போகவேண்டியது. பஸ் டிக்கெட், நாள்காட்டித் தாள், பங்குக் கோயில் அறிவிப்பில் பாதி எல்லாம் போயிருந்தன. அதனால் அவள் கணவன் சவரி, "நாமளும் ஒரு துப்பாக்கி எடுத்துருவோமா ஜெசி, எல்லாரும் சுடுறாங்க" என்று கேட்டபோது அவள் வேண்டாமென்று சொல்லவில்லை.

"எடுக்கலாங்க. ஆனா நான்தான் பாத்து எடுப்பேன்" என்றாள்.

கழித்த சாமான்கள் விற்கும் கிடங்கை ஊரில் கண்டம் ஸ்டோர் என்பார்கள். அதை நடத்தியவர் ஞானாதிக்கம், ஓய்வுபெற்ற ஹவில்தார். ஓட்டைத் தார்ப்பாய்கள், கைப்பிடியில்லாத வாளிகள் எல்லாம் தாண்டி உள்ளே போனால் துப்பாக்கிகள் சுவரோரம் வரிசையாக நிற்கும். ஜெசிந்தா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் முன்பாகவும் நின்றாள். குழல் துருப்பிடித்திருக்கிறதா, கட்டை வெடித்திருக்கிறதா என்று சவரி பார்த்துக்கொண்டு வந்தான். அவளுக்கு அதெல்லாம் பெரிதில்லை.

"அண்ணாச்சி, இதோட குண்டு எப்போ வரும்?"

"சாயங்காலம் வரும். எந்தச் சாயங்காலம்னு சொல்லாது."

"இது?"

"மழை விழுந்தா வரும்."

"இது?"

"அது யாரும் பாக்காதப்பதான் வரும். கொஞ்சம் கூச்ச சுபாவம். அதனால விலை ரொம்பக் கம்மி."

அடுத்தது நல்ல கறுப்பு வாதுமைக் கட்டை. சவரி அதை ஆசையாகத் தடவினான். அதன் குண்டு சுட்டவனுடைய பிள்ளைகளின் காலத்தில்தான் வரும் என்றார் ஞானாதிக்கம். சவரி கையை எடுத்துக்கொண்டான்.

"தாளை மடிச்சு வச்சா என்ன ஆகும் அண்ணாச்சி?"

"எல்லா மடிப்புலயும் ஓட்டை போடும்."

"கிழிஞ்சுட்டா?"

"கறுப்பு எந்தத் துண்டுல இருக்கோ அங்க போகும்."

"தொலைஞ்சு போச்சுன்னா?"

"நமக்குத்தாம்மா தொலையும். அதுக்குத் தொலையாது."

கூட வந்திருந்த சவரியின் அக்கா ஃபிலோமி ஒரு தோட்டாப் பெட்டியின்மேல் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டில் இருந்தது உடனுக்குடன் சுடும் துப்பாக்கி. அது ஊரில் எல்லாருக்கும் தெரியும்படி அவள் பார்த்துக்கொண்டாள்.

"துப்பாக்கி வாங்க வந்தியா, மாப்பிள்ளை பாக்க வந்தியா? எங்க தம்பியப் பாக்க வந்தப்போகூட நீ இத்தன கேள்வி கேக்கல."

"அப்பவே கேட்டிருக்கணும் மதினி."

ஞானாதிக்கம் சிரித்துக்கொண்டே கடைசியாக நின்றதை எடுத்து நீட்டினார். பழைய த்ரீ நாட் த்ரீ. கட்டையில் யாரோ ஆணியால் ஒரு மீன் வரைந்திருந்தார்கள்.

"இது ஒரு குண்டு பின்தங்கினது. இப்போ சுட்டா, போன தடவ சுட்டது வந்து சேரும். இப்போ சுட்டது, அடுத்த தடவ சுடும்போது வரும்."

"அடுத்த தடவ சுடலேன்னா?"

"வராது."

ஜெசிந்தா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். சாயங்காலத்தையும் மழையையும் நம்பத் தேவையில்லாத துப்பாக்கி. ஒரு விரலை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும். அவளுக்கு அது பிடித்துவிட்டது.

பின்முற்றத்தில் சுட்டுப் பார்த்தார்கள். முதலில் ஞானாதிக்கம் ஒரு தாளைக் குத்திச் சுட்டார். தாளில் ஒன்றும் விழவில்லை. "பட்டாளத்துல எவனோ கடைசியாச் சுட்டது இப்போ எங்கயோ விழுந்திருக்கும்" என்றார். அதன் பக்கத்திலேயே இன்னொரு தாளைக் குத்தி, சவரி நிதானமாகப் படுத்து, மூச்சை அடக்கிச் சுட்டான். 'டப்' என்றது. ஞானாதிக்கத்தின் தாளில், கறுப்புக்கு நட்டநடுவில் ஓட்டை.

"கை இன்னும் ஆடல பாத்தியா?" என்றார் அவர்.

ஜெசிந்தா பிள்ளையை ஃபிலோமியிடம் கொடுத்துவிட்டு, குழலின் மேலிருந்த சிறு துவாரம் வழியாக ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். உலகம் அதற்குள் வட்டமாக, சுத்தமாக இருந்தது. தூரத்து வேலியில் ஒரு ஓணான் தலையாட்டியதுகூடத் தெரிந்தது. அவள் கொஞ்சம் அதிக நேரமே பார்த்துவிட்டாள். கண்ணை எடுத்தபோது, ஃபிலோமி இரண்டு தாளையும் கழற்றிவந்து, ஓட்டை விழுந்ததை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ரசித்துக்கொண்டிருந்தாள். அலோசி கீழே உட்கார்ந்து மற்ற தாளைத் தின்றுகொண்டிருந்தான்.

"வாயத் திற ராசா, அத்தைகிட்ட காட்டு." ஃபிலோமி விரலை விட்டுத் துழாவினாள். ஈரமான வெள்ளை மூலை ஒன்று வந்தது. கறுப்பு வயிற்றுக்குள் போய்விட்டது.

"அது யாரு தாளு?" என்றாள் ஜெசிந்தா.

"என்னோடது" என்றான் சவரி. பிறகு, தாழ்ந்த குரலில், "நல்லாக் குறி பாத்துத்தான் சுட்டேன்" என்றான்.

அந்தச் சமயத்தில் கான்வென்ட்டின் பி.டி. மாஸ்டர் செல்லையா உள்ளே வந்தார். பாயில் கிடந்த துப்பாக்கியை எடுத்துத் தூசி தட்டி, போல்ட்டை இழுத்துத் தள்ளி, மேட்டைப் பார்த்துத் தோளில் வைத்தார்.

"அண்ணாச்சி, நான் போன வாரமே சொல்லிவச்சது இதுதானே? ஒரு ரவுண்டு சுட்டுப் பாத்துக்கிடுதேன்."

ஜெசிந்தா ஓடவில்லை. இரண்டு எட்டு வைத்து, விசைக்கும் அவர் விரலுக்கும் நடுவில் தன் கட்டை விரலைச் செருகினாள்.

"சார், இது எடுத்தாச்சு."

"பணம் குடுத்தாச்சா?"

"இப்போ குடுக்கப் போறோம்."

"அப்ப எடுக்கலேன்னுதானேம்மா அர்த்தம். ஒரே ஒரு தடவதானே, கைய எடுங்க."

"அந்த ஒரு தடவதான் சார் கூடாது. பிள்ள வயித்துல தாள் இருக்கு."

மாஸ்டர் அலோசியைப் பார்த்தார். அலோசி ஏப்பம் விட்டான். "ஓ" என்றார் மாஸ்டர். ஆனாலும் துப்பாக்கி தோளைவிட்டு இறங்கவில்லை. வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்புவது அவருக்குப் பழக்கமில்லை. ஜெசிந்தாவின் விரல் வலித்தது. அவள் யோசித்தாள். மாஸ்டர் சுட்ட தாள்கள் ஒன்றிலும் இதுவரை கறுப்பில் ஓட்டை விழுந்ததில்லை. மாஸ்டர் வீட்டிலிருந்து கேக்கே வருவதில்லை என்று அவளுக்குத் தெரியும்.

"சார், உள்ள ஒண்ணு இருக்கு. யாரும் பாக்காதப்பதான் வரும். குறி தப்பினாலும் யாருக்கும் தெரியாது. தாளை நீங்களே கழட்டிக்கிடலாம்."

மாஸ்டர் அதைக் கேட்டுக்கொண்டார். மெதுவாக விரலை எடுத்தார்.

"விலை எப்படி?" என்று ஞானாதிக்கத்திடம் கேட்டபடி உள்ளே போனார்.

ஜெசிந்தாவும் சவரியும் மீன் வரைந்த துப்பாக்கியை ஒரு பழைய போர்வையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு கையில் துப்பாக்கி, ஒரு கையில் பிள்ளை. எது கனம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும், யாரும் சுட முடியாதபடி போல்ட்டைக் கழற்றி அரிசிப் பானைக்குள் புதைத்தாள். மறுநாள் பிள்ளையிடமிருந்து தாள் வெளியே வந்தது. கறுப்பு வரவில்லை. அடுத்த வாரம் அலோசியின் இடது கன்னத்தில் உருண்டையாக ஒரு கறுப்புப் பொட்டு எழும்பியது, சுற்றிலும் மெல்லிய வெள்ளைக் கோடு. சோப்புக்கும் எண்ணெய்க்கும் அது போகவில்லை.

"திருஷ்டிப் பொட்டு நல்லா வட்டமா வச்சிருக்கியே" என்றார்கள் கோயிலுக்கு வந்த பெண்கள். ஜெசிந்தா, "ஆமாக்கா" என்றாள்.

துப்பாக்கி வாங்கியவர்கள் ஞாயிற்றுக்கிழமை வராமலிருப்பது மரியாதையில்லை. அவளும் போனாள். தன் பாயில் குப்புறப் படுத்து, சிறு துவாரம் வழியாகப் பார்த்தாள். மற்றவர்கள் சுட்டார்கள். அவள் பார்த்தாள். மண்மேட்டுக்கு அப்பால் மலையில் எந்த மரம் எப்போது பூக்கிறது, வேலியில் எத்தனை ஓணான் குடியிருக்கிறது என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்துபோயிற்று. "உனக்கு எண்ணெய்ச் செலவு மட்டும்தான்டி, குண்டுச் செலவே இல்ல" என்றாள் ஃபிலோமி. ஆனால் அவளும் தன் தம்பியை அந்தத் துப்பாக்கியைத் தொடவிடவில்லை.

மழைக்காலம் முடிந்த ஒரு காலையில் யாரோ கதவைத் தட்டினார்கள். ஜெசிந்தா திறந்தாள். வாசலில் குண்டு நின்றது. கதவு நிலை உயரம், செம்பு நிறம், கூரான முனை, இடுப்பு வரை செம்மண்.

"அலோசி வீடுதானே?"

"ஆமா."

"அடுத்தது சுட்டாச்சா?"

"இல்ல. சுட மாட்டோம்."

"சரி."

"பின்ன நீ எப்படி வந்த?"

"இன்னும் வரல. பக்கத்துல வந்திருக்கேன்" என்றது குண்டு. வெளியில் நின்று நின்று ஈரமாகிவிட்டதாம்.

ஜெசிந்தா கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். வெளியே நிறுத்தினால் அது எங்கே நிற்கிறது, என்ன செய்கிறது என்று தெரியாது. உள்ளே இருந்தால் கண்ணெதிரே இருக்கும்.

"மண்ணத் துடைச்சுட்டு வா" என்றாள்.

அது ஜன்னலோரம் உட்கார்ந்தது. காப்பி வேண்டாம், சுட்ட சூடே இன்னும் ஆறவில்லை என்றது. அலோசி தத்தித் தத்திப் போய் அதைத் தொட்டான். குண்டு அசையாமல் இருந்து, முனையை மட்டும் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. ஜெசிந்தா அதைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போனாள். நடுவில் எட்டிப் பார்த்தபோது அவன் அதன் மடியில் பிஸ்கட்டை வைத்துவிட்டுத் திரும்ப எடுத்துக்கொண்டிருந்தான்.

அலோசி கான்வென்ட்டில் எல்.கே.ஜி. சேர்ந்ததும், கூட்டிக்கொண்டு போவதும் வருவதும் குண்டின் வேலையாயிற்று. வேறு வேலை அதற்கு இல்லை. சாலையைக் கடக்கும்போது அவன் கையைப் பிடித்துக்கொள்ளும். லாரிகள் அதைப் பார்த்ததும் தூரத்திலேயே நின்றுவிடும்.

பெற்றோர் கூட்டத்தன்று எல்.கே.ஜி. வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இரண்டு நாற்காலிதான் போட்டிருந்தார்கள். ஜெசிந்தாவும் சவரியும் உட்கார்ந்தார்கள். குண்டு கதவோரம் நின்றது. அதைப் பார்த்த சிஸ்டர், ஜெப அறையிலிருந்து இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து போட்டார். கூர்முனை மின்விசிறியில் படாதபடி கொஞ்சம் தள்ளிப் போட்டார்.