வெள்ளை விரிப்புச் சண்டை

எங்கள் குடும்பக் குழுவில் தினமும் ஒரு வீட்டுக் குறிப்பு போடாவிட்டால் எனக்குப் பொழுது விடியாது. தீய்ந்த பாத்திரத்துக்குச் சோடா உப்பு, துருவுக்கு எலுமிச்சையும் கல்லுப்பும், பித்தளைக்குப் புளி. குழுவில் இருப்பது நாலே பேர். நான், என் கணவர், அவருடைய அண்ணன், அந்த அண்ணனின் மனைவி. ஆண்கள் இரண்டு பேரும் என் குறிப்புகளைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. ஆக நான் யாருக்காக எழுதுகிறேன் என்பது எனக்கும் தெரியும், என் ஓரகத்திக்கும் தெரியும்.

ஓரகத்தியைத் தெருவே பளிங்கு அக்கா என்று கூப்பிடும். அவர் வீட்டுத் தரையில் முகம் பார்த்துப் பொட்டு வைத்துக்கொள்ளலாம். ஒரே வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கியிருக்கிறோம். அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் நாங்கள். பின்புற முற்றம் மட்டும் பொது. அதில் துணி காயப்போட ஒரே கொடி. ஒரு கொடிக்கு இரண்டு மருமகள்கள் என்றால் சண்டைக்குத் தனியாகக் காரணம் தேட வேண்டியதில்லை.

ஆனாலும் காரணம் ஒன்று வந்தது. என் புது அரக்கு நிற நைட்டி சாயம் விட்டு, பக்கத்தில் காய்ந்த அக்காவின் வெள்ளைப் படுக்கை விரிப்பில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ரோஜா நிறத் திட்டைப் பதித்துவிட்டது. "கொடுங்கக்கா, நான் எடுத்துத் தர்றேன்" என்று கெஞ்சினேன். "உன் கை படவே வேண்டாம்" என்றார். அன்றோடு பேச்சு நின்றது. ஆனால் ஒவ்வொரு முறை துவைக்கும்போதும் அந்த விரிப்பை, கறை என் சமையலறை ஜன்னலைப் பார்த்திருக்கும்படிதான் காயப்போடுவார். நான் காய் நறுக்கும் நேரமெல்லாம் அந்தத் திட்டு எதிரே நின்று ஆடும்.

அதற்குப் பதிலடியாகத்தான் குறிப்புகளை ஆரம்பித்தேன். அக்கா ஒரு வார்த்தை பதில் போட்டதில்லை. ஆனால் நான் குழாய்க் கறைக்குக் குறிப்பு போட்ட அன்று சாயந்திரமே அந்தப் பக்கத்திலிருந்து வினிகர் வாசம் சுவர் ஏறி வரும். நான் எனக்குள் சிரித்துக்கொள்வேன். அந்தச் சிரிப்புதான் என் தலையில் வந்து விடிந்தது.

எனக்கு நீச்சல் குளத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை. என் நாற்காலிக்குப் பின்னால் ஒரு பெரிய எச்சரிக்கைப் பலகை இருக்கிறது. குளோரின் இருக்கும் இடத்துக்கு எந்த அமிலத்தையும் கொண்டுவராதீர்கள், விஷவாயு கிளம்பும், கண் எரிச்சல், மூச்சுத் திணறல், மயக்கம் என்று சிவப்பில் எழுதியிருக்கும். தினமும் அதன் ஆணியில்தான் என் பையை மாட்டுவேன். ஊருக்கெல்லாம் குறிப்பு சொல்கிறவளுக்குத் தன் முதுகுக்குப் பின்னால் இருந்த குறிப்பு கண்ணில் படவில்லை.

அன்று காலை நான் போட்ட குறிப்பு இது: "குளியலறை டைல்ஸில் உப்புக் கறையா? வினிகரைத் தாராளமாக ஊற்றி ஊறவிட்டுத் தேயுங்கள்." அவ்வளவுதான். கூட எதையும் சேர்க்காதீர்கள் என்று ஒரு வரி எழுதவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் கூட்டம் உள்ளே போய் முடிந்ததும் போனைப் பார்த்தேன். குழுவில் அக்கா ஒரு படம் போட்டிருந்தார். என்னைக்கும் இல்லாத திருநாளாக என்னவென்று ஆசையோடு திறந்தேன். அவர் வீட்டுக் குளியலறைத் தரை. மாவு கொட்டினாற்போல் பிளீச்சிங் பவுடர். அதன் நடுவில் நுரை. ஓரத்தில் காலியான வினிகர் பாட்டில். ஜன்னல் சாத்தியிருந்தது. கீழே எழுதியிருந்தார்: "சிலர் ஒண்ணு சொல்லுவாங்க. நான் ரெண்டும் போட்டேன். இப்ப தேய்க்கப் போறேன்."

பிளீச்சிங் பவுடர். எங்கள் குளத்தில் மூட்டை மூட்டையாகக் கொட்டுவதும் அதே சரக்குதான். நான் மெதுவாகத் திரும்பிப் பின்னால் இருந்த பலகையைப் பார்த்தேன்.  அக்காவுக்கு இழுப்பு வேறு உண்டு. மழைக்காற்று பட்டாலே மூச்சு விசிலடிக்கும்.

கூப்பிட்டேன். அழைப்பை வெட்டிவிட்டார். மறுபடி கூப்பிட்டேன். மறுபடி வெட்டினார். என் கணவரும் மூத்தவரும் ஒரே தொழிற்சாலை. வாசலிலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். எதிர்வீட்டு டெய்லரின் எண் என்னிடம் இல்லை. குழுவில் அடித்தேன்: "அக்கா ரெண்டையும் கலக்கக் கூடாது. விஷப் புகை வரும். உடனே வெளிய வாங்க."

பார்த்துவிட்டார். பதிலும் வந்தது. "நான் உன்னைவிட நல்லா பண்ணிடுவேன்னு பயமா?"

கோபத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இப்படியும் ஒரு பிறவியா? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற ஆள்தான். அதற்காக உயிர் போகும்போதுமா? நான் "வெளியே வா" என்றால் உள்ளே போவார். "சாவாதே" என்றால் செத்துக் காட்டுவார். அப்போதுதான் உறைத்தது. நல்லது சொன்னால் இவர் வரமாட்டார். வம்புக்கு இழுத்தால் வருவார்.

குரல் பதிவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தெருச் சண்டைக்காரி மாதிரி கத்தினேன். "இந்தா பாருங்க, கொடி என்ன உங்களுக்கு மட்டும் எழுதி வச்சிருக்கா? உங்க வெள்ளை விரிப்பே முழுசா அடைச்சுட்டு நின்னா என் துணி எங்க காயறது? எதிர்வீட்டு டெய்லர்கிட்ட சொல்லிட்டேன். எல்லாத்தையும் உருவி மண்ணுல போடச் சொல்லிட்டேன். இப்ப உருவிட்டு இருக்காரு, போய்ப் பாத்துக்கோங்க!"

அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், குளத்தைக் காவல் காக்கிற விசில்காரர் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். எங்கள் நீச்சல் காவலர். கழுத்தில் விசில் தொங்கும், வாயில் பேச்சு வராது. படத்தைக் காட்டினேன். ஒரு பார்வைதான். மேலாளரிடம் ஓடிப்போய் என் வீட்டு விலாசத்துக்கு ஆம்புலன்ஸ் கூப்பிடச் சொன்னார். குளத்துக்கு இன்னொரு காவலரை நிறுத்திவிட்டு மோட்டார் சைக்கிளைக் கிளப்பினார், நான் பின்னால் ஏறிக்கொண்டேன். "யாரும் திரும்ப உள்ள போகக் கூடாது. ஜன்னலைத் திறக்கக்கூட" என்றார். அதற்குமுன் அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

வண்டி கிளம்பும்போதே போன் அடித்தது. திரையில் 'பளிங்கு'.

"ஏன்டி! என் விரிப்பு மேல கை வைக்க உனக்கு யாருடி உரிமை கொடுத்தது?" குரல் கரகரத்தது. பின்னால் ஒரு இருமல். ஆனால் காற்றுச் சத்தமும் காக்கைச் சத்தமும் கேட்டன. முற்றத்துக்கு வந்துவிட்டார். எனக்குப் பாதி உயிர் வந்தது.

மீதி உயிர் வரவில்லை. ஏனென்றால் நான் சொன்னது பச்சைப் பொய். கொடியில் விரிப்பு ஒய்யாரமாக ஆடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்த மறுநிமிஷம் போனை வைத்துவிட்டு, தேய்க்கிற பிரஷ்ஷைத் தேடி உள்ளே போய்விடுவார்.

"கிடக்கா?" என்றேன், திமிராக.

"கிடக்கு. மண்ணுல கிடக்கு. எல்லாம் பாழ். உனக்குத் திருப்தியா?"

 நான் யாரிடமும் சொல்லவே இல்லையே! பின் எப்படி மண்ணில் கிடக்கும்? காற்றும் அப்படி அடிக்கவில்லை. அக்காவுக்குக் கண் மங்கிவிட்டதா? புத்தி தடுமாறுகிறதா? பலகையில் இருந்த சிவப்பு எழுத்தெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தது. விசில்காரரின் முதுகில் குத்தினேன். "வேகமா போங்க, வேகமா!"

"யாரை வேகமா போகச் சொல்றே?" என்றார் அக்கா.

"உங்களை இல்ல. உங்களுக்கு எதுலதான் வேகம்? போன வருஷம் வாங்கிட்டுப் போன ஏணி இன்னும் வரல!"

"ஏணியா? என்..." இருமல். நீளமான இருமல். நான் போனைக் காதோடு நசுக்கிக்கொண்டேன். "என் கடப்பாரையை நீ தொலைச்சியே, அதுக்கு என்ன சொல்றே?"

திட்டு அக்கா, திட்டு என்று மனசு அடித்துக்கொண்டது. திட்டுகிற வரைக்கும் மூச்சு இருக்கிறது. நான் ஏணியைப் போட்டால் அவர் கடப்பாரையைப் போட்டார். நான் குப்பைத் தொட்டியை இழுத்தால் அவர் தண்ணீர் மோட்டாரை இழுத்தார். சிக்னலில் பக்கத்து வண்டியில் நின்ற அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்க்கட்டும். ஒவ்வொரு வசவுக்கும் நடுவில் அந்த மூச்சு இழுக்கிற சத்தம் கூடிக்கொண்டே வந்தது.

"இரு," என்றார் திடீரென்று. "பம்பு உள்ள அலமாரியில இருக்கு. எடுத்து அடிச்சுட்டு வந்து உன்னைக் கவனிச்சுக்கறேன்."

இழுப்புக்கு வாயில் வைத்து அடிக்கிற பம்பு. குளியலறைக் கதவுக்குப் பக்கத்து அலமாரி. எனக்குத் தெரியும். "போகாதீங்க" என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை 'நீங்க' என்பதைத் தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன்.

"ஓடு, ஓடு. பதில் சொல்ல வக்கில்லாதவ ஓடித்தான் ஆகணும். பம்பு ஒரு சாக்கு. நீ எப்பவுமே பயந்தாங்கொள்ளிதானே!"

 போனில் காக்கை மட்டும் கத்தியது. என் வாயாலேயே கடைசி வார்த்தையாக இதைச் சொல்லிவிட்டேனா என்று பதறினேன். விசில்காரர் எங்கள் தெருவில் திரும்பினார்.

"யாருடி ஓடறா?" ஈனக் குரல். ஆனால் ரோஷம் குறையாத குரல். "இங்கதான் இருக்கேன். நீ வா. நேர்ல வந்து சொல்லு."

பக்கவாட்டுச் சந்து வழியாக முற்றத்துக்கு ஓடினேன். முதலில் கண்ணில் பட்டது விரிப்புதான். கொடியில், கிளிப் மாட்டியபடி, துளி மண் படாமல் காய்ந்துகொண்டிருந்தது. ரோஜாத் திட்டு வழக்கம்போல என் ஜன்னலைப் பார்த்து ஆடியது. அதற்கு அப்பால், மதிலோரம் கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் அக்கா உட்கார்ந்திருந்தார். கண் இரண்டும் செக்கச் சிவந்திருந்தன. தோள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கியது. போன் இன்னும் காதில்.

"விரிப்பு கொடியிலதானே இருக்கு?" என்றேன். என் குரல் அவர் போனிலும் கேட்டது.

"வந்ததுமே பாத்துட்டேன்," என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கினார். "கண்ணு எரிச்சல் தாங்கல. திரும்பிப் பாத்தா ஜன்னல் கண்ணாடியில பச்சையும் மஞ்சளுமா என்னமோ. நீ சொன்னது நிஜம்னு அப்பத்தான் புரிஞ்சுது."

"அப்புறம் எதுக்கு மண்ணுல கிடக்குன்னு சொன்னீங்க? நான் செத்தே போயிட்டேன்!"

"நல்லா இருக்குன்னு சொன்னா நீ சண்டையை நிறுத்திட்டுப் போனை வச்சுடுவே." அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "தெருவுல ஒரு ஆள் இல்ல. தனியா இருக்கப் பயமா இருந்துச்சுடி."

 அவர் காலடியில் அப்படியே உட்கார்ந்து, அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதேன். என் குறிப்பால் வந்த வினை என்று சொல்லி அழுதேன். பிளீச்சிங் பவுடரைச் சேர்க்காதே என்று எழுதாத என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்றேன்.

"அப்புறம் அடிச்சுக்கலாம்," என்றார். "பயந்தாங்கொள்ளின்னு சொன்னே பாரு, அது பொய்னு தெரிஞ்சுது. தெரிஞ்சும் ரோஷம் வந்துடுச்சு. இல்லேன்னா பம்பெடுக்க உள்ள போயிருப்பேன்."

ஆம்புலன்ஸ் வந்தது. ஊழியர்கள் அக்காவின் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை மாட்டிப் படுக்கையில் ஏற்றினார்கள். கூட ஒரு ஆள் வரலாம் என்றதும் நான் ஏறிவிட்டேன். விசில்காரர் யாரும் உள்ளே போகாதபடி வாசலில் நின்றுகொண்டார். கதவைச் சாத்தப் போகும்போது அக்கா மாஸ்க்கை விலக்கினார்.

"தம்பி, அந்த விரிப்பை எடுத்து மடிச்சு இவ வீட்டுத் திண்ணையில வச்சிடுப்பா," என்றார் விசில்காரரிடம். "கறை உள்பக்கம் போற மாதிரி மடி."

ஊழியர் மாஸ்க்கைத் திரும்ப மாட்டிவிட்டார். வண்டி நகர்ந்தது. ஏதோ இரைச்சலாக இருக்கிறதே என்று மடியைப் பார்த்தேன். என் போன். அக்காவின் மூச்சுதான் அதில் கேட்டுக்கொண்டிருந்தது. எதிரே படுத்திருந்த அக்காவின் கையிலும் அவர் போன் இருந்தது.

"போனை வைங்கம்மா ரெண்டு பேரும்," என்றார் ஊழியர்.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் இல்லை என்று தலையாட்டினார்.