இரண்டாவது நாற்காலி

பொறுமையான டாக்டரம்மாவின் கதை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேளுங்கள், கண்ணுகளா. இவள் கோபக்காரி. நோயாளிகள் இவளுக்கு வைத்த பெயர் ‘வேண்டாம் டாக்டர்’. உப்பு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், சிகரெட் வேண்டாம், லிஃப்ட்கூட வேண்டாம்.

முன்பு அவளும் மாரடைப்பு வந்தவர்களுக்கு, அடைத்த ரத்தக்குழாயைத் திறக்க ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருந்தவள்தான். கும்பிட்டுவிட்டுப் போன ஆட்களே மறுபடியும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் வந்தபோது பற்றிக்கொண்டு வந்தது. வருமுன் தடுக்கிறேன் என்று அந்த மருத்துவமனையிலேயே, எக்ஸ்ரே அறைக்குப் பக்கத்தில், ஜன்னலில்லாத ஓர் அறையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

மேஜைக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்று நோயாளிக்கு, மற்றது அவருக்குச் சமைத்துப் போடுகிறவருக்கு. இரண்டாவது நாற்காலி காலியாக இருந்தால் வைத்தியம் கிடையாது. பெரிய அதிகாரி ஒருவர் தனியாக வந்து, நோய் தனக்கா தன் மனைவிக்கா என்று எகிறினார். “நீங்க பாதிதான் சொல்வீங்க. மீதியைச் சொல்ல ஆள் கூட்டிட்டு வாங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஒரே ஓர் ஆளிடம் மட்டும் அந்தச் சட்டம் செல்லவில்லை. அவளுடைய அண்ணன். மோட்டார் உதிரிபாகக் கடை வைத்திருந்தார். ரத்தக் கொழுப்பு ஏறி, தங்கை எழுதிக் கொடுத்த மாத்திரையில் இருந்த மனிதர். மதியம் கடையைச் சாத்திவிட்டு வருவார், தொப்பென்று உட்காருவார், ஹெல்மெட்டை இரண்டாவது நாற்காலியில் வைப்பார். அண்ணி எங்கே என்று கேட்டால், அவளுக்கு எதற்கு அலைச்சல் என்பார். ஊரையே அதட்டுகிறவளுக்கு அண்ணன் முன்னால் மட்டும் குரல் எழும்பாது.

ஒருநாள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்குண்ணா” என்றாள். அவர் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனார்.

மழைக்காலத்தில் ஒரு காலை, அவசரப் பிரிவிலிருந்து போன் வந்தது. ஓடிப் போய்ப் பார்த்தால் ஸ்ட்ரெச்சரில் அண்ணன், முகமெல்லாம் வியர்வை. அவளிடம் வேலை கற்ற டாக்டர் அவரை உள்ளே கொண்டுபோனார். கதவு மூடியதும் அவள் அண்ணியின் மேல் பாய்ந்தாள்.

“மாத்திரை போடறாரான்னு பார்க்க மாட்டீங்களா அண்ணி? வீட்டுல என்னதான் பண்றீங்க?”

அண்ணி அழவில்லை. நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

“நீதான் நிறுத்தச் சொன்னேன்னார்.”

“நானா?”

“ரிப்போர்ட் நல்லா இருக்குன்னு தங்கச்சியே சொல்லிட்டா, இனிமே மாத்திரை எதுக்குன்னார். மாடி ஏறினா பாதியில உட்கார்ந்துடுவார். உனக்குப் போன் பண்றேன்னா, இப்பத்தானே பார்த்துட்டு வந்தேன்னு அதட்டுவார். டாக்டர் சொன்னதுக்கு மேல நான் என்ன சொல்ல?” அண்ணியின் குரல் தடித்தது. “கண்டவன் பொண்டாட்டியை எல்லாம் உட்கார வெச்சுக் கேக்கறியாமே டாக்டரம்மா. என்னை ஒரு தடவை கேட்டியா?”

டாக்டரம்மாவுக்கு அதுவரை அண்ணன் மேலும் அண்ணி மேலும் எரிந்த கோபம் ஒரே சுற்றில் திரும்பி அவள் மேலேயே விழுந்தது. அந்த மூடிய கதவுக்கு முன்னால் அவளும் மற்ற உறவினர்களைப் போலவே பிளாஸ்டிக் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள், அண்ணிக்கும் அவளுக்கும் நடுவே ஓர் ஆள் இடம் விட்டு.

பிழைத்துக்கொண்டார், பயப்படாதீர்கள். வெளியே வந்த டாக்டர் முகமூடியை இறக்கிவிட்டு, “நீங்க கோட்டை விட்டாத்தானே மேடம் எங்களுக்கு வேலை” என்று சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

வீட்டுக்குப் போய் நடமாடத் தொடங்கியதும் அண்ணன் பரிசோதனைக்கு வந்தார். தொப்பென்று உட்கார்ந்தார். ஹெல்மெட் அதே நாற்காலியில்.

“அதான் ஸ்டென்ட் வெச்சாச்சே. இனிமே கவலை இல்லை” என்றார்.

அவள் எழுந்துபோய் ஹெல்மெட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

“வெளியே உட்காருங்க. அண்ணி வந்தப்புறம் கூப்பிடறேன்.”

“என்ன, அண்ணன்னுகூடப் பார்க்காம?”

“அண்ணன்னு பார்த்ததாலதான் இந்தக் கதி.”

அவர் முகம் சிவந்து கதவை அறைந்துகொண்டு போனார். அவள் மணியடித்து அடுத்த நோயாளியை அழைத்தாள். கதவு திறந்தபோதெல்லாம் வராண்டா தெரிந்தது. வீட்டுக்குப் போகவும் மனமில்லாமல், போன் பண்ணவும் மனமில்லாமல் உர்ரென்று உட்கார்ந்திருந்தார். கடைசியில் போனைக் காதில் வைத்து, “உன்னையும் வரச் சொல்றா” என்று உறுமுவது கேட்டது.

அண்ணி வந்தாள். அவளுக்கும் கோபம் இறங்கியிருக்கவில்லை. நாத்தனாரின் முகத்தைப் பார்க்காமல், இரண்டாவது நாற்காலியைப் புருஷனிடமிருந்து சற்றுத் தள்ளி இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?” என்றாள்.

அண்ணன் மடியிலிருந்த ஹெல்மெட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.