நான் அழுத்தாத ஆயிரத்து எண்ணூறு

என் மனைவி ஷாரோன் இறந்து இரண்டு வாரம் கழித்து நாவலூர் ஆபீசுக்குத் திரும்பினேன். கம்பெனியிலிருந்து ஒரு நன்றி மெயில் வந்திருந்தது. பி.எஃப்.புக்கு மாதம் ஆயிரத்து எண்ணூறு ரூபாய் பிடித்தால் போதும் என்று நான் தேர்ந்தெடுத்தேனாம். நாமினி இடத்தில் ஷாரோனை எடுத்துவிட்டு அப்பா ஏசுதாஸின் பெயரைப் போட்டேனாம். பன்னிரண்டாம் தேதி, காலை பதினொன்றே கால்.

அந்த நேரத்தில் சதுரங்கப்பட்டினம் கல்லறைத் தோட்டத்தில் அவள் பெட்டிமேல் மண் போட்டுக்கொண்டிருந்தேன்.

கம்பெனி கம்ப்யூட்டரில் ஒரு படிவம் அனுப்பித் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தது. இரண்டே வழிதான். அடிப்படைச் சம்பளத்தில் பன்னிரண்டு சதவீதம் பிடிக்கலாம். எனக்கு நாலாயிரத்து எண்ணூறு வரும். இல்லையென்றால் ஆயிரத்து எண்ணூறோடு நிறுத்தலாம். நாம் போடும் அளவுதான் கம்பெனியும் போடும். குறைத்தால் மாதம் மூவாயிரம் அவர்களுக்கு மிச்சம். கூடுவாஞ்சேரி வீட்டுக் கடன் இருக்கிறதே, குறைத்துக்கொள்ளலாம் என்றேன் நான். கம்பெனி தருவதை வேண்டாமென்று சொல்ல நீ யார் என்றாள் ஷாரோன். பேசி முடிப்பதற்குள் அவளுக்கு டெங்கு. ஆறு நாள்.

என் படிவத்தில் அழுத்தியது யார் என்று எனக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு ஒருவன் தாமதித்தால், முன்பே வந்தவன் மற்றவனுக்கும் வருகைப்பதிவு போடுவான். அதற்காக என் பாஸ்வேர்டு என் டீம் ஸ்டான்லியிடம் இருந்தது.

டீக்கடையில் வைத்துக் கேட்டேன். அவன் மறுக்கவில்லை.

"அன்னிக்குத்தான் மச்சான் கடைசி நாளு. எனக்கு லீவு குடுக்கல. வந்து நிக்கத்தான் முடியல, இந்த பேஜாரையாவது முடிச்சு வெக்கலாம்னு அமுக்குனேன். நம்ம டீம்ல அல்லாரும் ஆயிரத்து எட்நூறுதான்."

"அவ பேரை ஏன்டா எடுத்த?"

"நாமினி உயிரோட கீறாங்களான்னு ஃபார்ம்ல கேட்டுச்சு. இல்லன்னு போட்டேன்."

இறப்புச் சான்றிதழ் வாங்கவே நான் இன்னும் போகவில்லை.

மனிதவளத் துறையில் சரவணகுமார் என்பவரைப் பார்த்தேன். அடுத்த ஏப்ரல் வரை மாற்ற முடியாது என்றார். நான் அழுத்தவில்லை என்றேன். அப்படியானால் அழுத்தியவர் பெயரை எழுதிக் கொடுங்கள், பாஸ்வேர்டு கொடுத்தவர் வாங்கியவர் இரண்டு பேர் வேலையும் போகும் என்றார். பிறகு, நீங்கள் ஓய்வு பெற இன்னும் இருபத்தாறு வருஷம் இருக்கிறதே, ஒரு வருஷத்தில் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார்.

"என் மனைவிக்கு இருபத்தொன்பது வயசு சார்."

அவர் மேஜையிலேயே தாள் எடுத்து எழுதினேன். பன்னிரண்டாம் தேதி நான் விடுப்பில் இருந்தேன். மனைவி இறந்ததற்கான அந்த விடுப்பைத் தந்தது நீங்கள். அவளைப் புதைக்கும் நாளைக் கெடுவாக வைத்ததும், போன் செய்து கேட்காமல் யாரோ அழுத்தியதை என் முடிவு என்று எடுத்துக்கொண்டதும் நீங்கள். ஸ்டான்லியின் பெயரை எழுதவில்லை. நகல்: வருங்கால வைப்பு நிதி அலுவலகம் என்று கீழே போட்டேன்.

கடைசி வரியை அவர் இரண்டு முறை படித்தார். யாருக்கோ போன் செய்தார். ஏப்ரல் வரை திறக்காத படிவம் பத்து நிமிஷத்தில் திறந்தது.

பன்னிரண்டு சதவீதம் போட்டேன். நாமினி சிநேகா, மகள், வயது மூன்று. காப்பாளர் ரெஜினா, ஷாரோனின் அம்மா. ஓய்வு பெறும் ஐம்பத்தெட்டு வயதைப் பற்றி நான் நினைக்கவே இல்லை.

கடிதத்தைத் தன்னிடமே விட்டுவிடச் சொன்னார் சரவணகுமார். வெளியே போனால் விசாரணை வருமாம், ஸ்டான்லி மாட்டுவானாம். பெயர் அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. கொடுத்துவிட்டேன். அவர் அதை நாலாகக் கிழித்தார்.

சாயந்தரம் பஸ்ஸில் ஸ்டான்லி எனக்கு இடம் போட்டு வைத்திருந்தான். கூடுவாஞ்சேரி வரை நின்றுகொண்டே வந்தேன்.