மாலுமிச் சட்டைக்குச் சொந்தக்காரர்

நாடகக் குழுவில் எல்லாருக்கும் அவள் அண்ணி. உறவு முறைப்படி பார்த்தால் ஒரே ஒருவனுக்குத்தான் அண்ணி: குழுவின் கோமாளி நடிகன், அவள் கணவனின் தம்பி. உடம்பைப் பார்த்து ஊர் அவனுக்கு வைத்த பெயர் பீப்பாய். அவன் மூச்சுக்கு மூச்சு அண்ணி அண்ணி என்று கூப்பிட்டதில் திரை இழுப்பவர் முதல் அவளைவிட மூத்த இயக்குநர்வரை எல்லாருக்கும் அதுவே வாயில் ஒட்டிக்கொண்டது.

அரங்கத்தின் பின்னால், மாடிப்படிக்குக் கீழே இருந்த உடுப்பறைதான் அவள் ராஜ்யம். அங்கே போலீஸ்காரரும் ராஜாவும் பேயும் ஒரே கம்பியில் தொங்குவார்கள். அவர்களுக்கு நடுவே ஒரு மாலுமி உடுப்பு. கருநீலக் கம்பளிச் சட்டை, முதுகில் சதுரமாகத் தொங்கும் அகலக் காலர், கணுக்காலில் மணிபோல் விரியும் கால்சட்டை. அவளுக்கு முந்தியவர் காலத்திலிருந்தே அது அங்கே இருந்தது. ஆண்டுதோறும் போடும் வேடிக்கை நாடகத்தில் பீப்பாய் அதைப் போட்டுக்கொண்டு வழுக்குவான், வாளிக்குள் காலை விடுவான், ஏணியோடு சேர்ந்து சாய்வான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அவன் சுற்றளவுக்கு ஈடுகொடுக்க அண்ணி இரண்டு பக்கமும் துண்டு வைத்துத் தைத்துக்கொண்டே வந்தாள். அவளுக்கு ஒரே ஒரு எரிச்சல்தான். கால்சட்டையில் குறுக்கும் மறுக்குமாக இல்லாமல், படிக்கட்டு மாதிரி ஒன்றன்கீழ் ஒன்றாகச் சில குறுக்குக் கோடுகள் இருந்தன. எவ்வளவு தேய்த்தாலும் அவை போகவில்லை. "எந்தப் புண்ணியவான் இதை இப்படி மடிச்சு வச்சானோ" என்று திட்டிக்கொண்டே தேய்ப்பாள்.

இந்த முறை ஒத்திகையில் பீப்பாய் கையைத் தூக்கியதும் அக்குளில் 'டர்'ரென்று கிழிந்தது.

"அண்ணி, சட்டை சுருங்கிடுச்சு."

"ஆமா, சட்டைதான் சுருங்கிடுச்சு. கழட்டு."

பழைய தையலைப் பிரித்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தையலுக்குள் மறைந்திருந்த துணி மை போல அடர்ந்த நிறத்தில் இருந்தது. வெளியே பார்த்துப் பழகிய நீலம் எல்லாம் வெளுத்துப்போன நீலம் என்று அப்போதுதான் புரிந்தது. மெழுகு தேய்த்த நூலால் யாரோ கையாலேயே தைத்த சின்னப் பை ஒன்று உள்பக்கம் இருந்தது. கழுத்துக்கு அடியில் வெள்ளைப் பெயிண்டில் அச்சுக் குத்தியதுபோல எழுத்துகள். பாதி அழிந்திருந்தன. நாடகத்துக்குத் தைக்கிற உடுப்பில் யாரும் இவ்வளவு மெனக்கெட மாட்டார்கள் என்பது ஊசி பிடித்த அவள் கைக்குத் தெரியும். ஆனாலும் அழுக்கு கண்ணை உறுத்தியது. துவைத்துவிட்டுப் பார்ப்போம் என்று வாளியில் வெந்நீர் ஊற்றினாள். நல்லவேளை, நனைப்பதற்கு முன் மனசு எதற்கோ தயங்கியது. சட்டையையும் கால்சட்டையையும் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு அருங்காட்சியகத்துக்குப் போனாள்.

அங்கே பழைய துணிகளைப் பராமரிக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். அவளுக்குப் பீப்பாய் பிற்பாடு வைத்த பெயர் துணி டாக்டர். அவள் வெள்ளை விரிப்பில் சட்டையைக் கிடத்தி, விளக்கைச் சாய்த்துப் பிடித்து, நோயாளியைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

"இத வெந்நியில நனைச்சீங்களா?"

"இல்லம்மா. நனைக்கத்தான் போனேன்."

"நனைச்சிருந்தா இப்ப ஒரு பொம்மைக்குத்தான் போட முடியும். இது போர்க்காலத்துச் சட்டை. நிஜ மாலுமி போட்டது."

துணி டாக்டர் சட்டையின் கைப்பக்கத்தைக் காட்டினாள். அங்கே ஒரு சின்னம் தைத்திருந்து பிற்பாடு பிரித்திருக்கிறார்கள். அது மூடியிருந்த இடம் மட்டும் வெளுக்காமல், குறுக்காக வைத்த இரண்டு கொடிகள் போலத் தெரிந்தது. "கொடிக்காரர். ஒரு கப்பல்லேருந்து இன்னொரு கப்பலுக்குக் கொடி அசைச்சு சேதி சொல்றவர்."

கால்சட்டையை விரித்ததும் அண்ணி முந்திக்கொண்டாள். "இந்தக் கசங்கல் மட்டும் போகவே மாட்டேங்குது."

"அது கசங்கல் இல்ல. அவங்க வேணும்னே போட்ட மடிப்பு. கப்பல்ல பெட்டி ரொம்பச் சின்னது. குறுக்க குறுக்க மடிச்சாத்தான் உள்ள போகும்."

"அட கடவுளே! இத்தன வருஷமா அதோட மல்லுக்கட்டியிருக்கேனே!"

துணி டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் என்ன செய்ய வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னாள். தண்ணீர் கூடாது, வெயில் கூடாது, கம்பியில் மாட்டவே கூடாது. மேலே வலையைப் போட்டு மெல்லத் தூசி உறிஞ்ச வேண்டும். பூச்சி இருந்தால் சாக, பிளாஸ்டிக்கில் காற்றுப்புகாமல் சுற்றிக் குளிரில் உறைய வைக்க வேண்டும். அருங்காட்சியகத்தின் குளிர்ப்பெட்டி அப்போது பழுதாகிக் கிடந்ததால், அண்ணி தன் வீட்டுப் பெட்டியிலேயே இடம் ஒழித்தாள்.

மறுநாள் ஐஸ்கிரீம் தேடி வந்த பீப்பாய், பெட்டியைத் திறந்தவன் திறந்தபடி நின்றான்.

"என்ன அண்ணி, என் சட்டையப் போட்டு உறைய வச்சிருக்கீங்க? சளி பிடிச்சுக்காதா?"

"அது உன் சட்டை இல்ல" என்று அண்ணி விஷயத்தைச் சொன்னாள்.

பீப்பாய் சமையலறை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "ஒரு மனுஷன் உயிரக் கையில பிடிச்சுக்கிட்டுக் கடல்ல நின்ன சட்டை. அதப் போட்டுக்கிட்டு நான் வாளிக்குள்ள கால விட்டிருக்கேன். அவரு குடும்பம் பாத்திருந்தா என்ன நினைச்சிருப்பாங்க?"

அண்ணிக்கும் அதேதான் உறுத்திக்கொண்டிருந்தது.

சட்டை குளிரிலிருந்து வெளியே வந்து, மெல்ல மெல்ல அறைச் சூட்டுக்குத் திரும்பிய பிறகு, துணி டாக்டர் பெயிண்ட் எழுத்துகளை வேறு வேறு வெளிச்சத்தில் படம் எடுத்தாள். முன்பாதி தேறவில்லை. பின்பாதியில் குடும்பப் பெயர் தெளிந்து வந்தது. அபூர்வமான பெயர். அண்ணி அதை எழுத்துக்கூட்டிப் படித்ததும், "இது சந்தைத் தெரு பூட்டுக்கடைப் பலகையில இருக்கே!" என்றாள். அந்தக் கடையில்தான் உடுப்பறைக்குச் சாவி போட்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்பது என்று முடிவாயிற்று. பீப்பாய் தலையை வழித்துச் சீவிக்கொண்டு, கல்யாண வீட்டுக்குப் போகிறவன் மாதிரி சட்டை போட்டுக்கொண்டு வந்தான். கடைக்காரம்மா நரைத்த தலையோடு ஒரு பூட்டின் வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். அண்ணி சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே வேலையைப் பார்த்தார். எல்லாம் முடிந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இதுக்கா ரெண்டு பேரும் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க? அது எங்கப்பாவோடதுன்னு எனக்குச் சின்ன வயசுலேருந்து தெரியும். அவரேதான் உங்க ஆளுங்ககிட்டக் குடுத்தாரு."

"அவரேவா?" என்றான் பீப்பாய்.

"பின்ன? சண்டை முடிஞ்சு வந்த வாரமே குடுத்துட்டாரு. கழுத்தெல்லாம் அரிக்குது, இனிமே இதத் தொடவே மாட்டேன்னுட்டாரு. ஒண்ணே ஒண்ணு சொன்னாராம். இதப் போட்டுக்கிட்டு மேடையில யாரும் துப்பாக்கி தூக்கக் கூடாது, சிரிக்க வைக்கணும். அதுக்குன்னே வருஷா வருஷம் என்னையும் கூட்டிட்டு வந்து பாப்பாரு."

பீப்பாயின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "முன் வரிசையில, ஓரத்து நாற்காலியா? நான் விழுறதுக்கு முன்னாடியே சிரிப்பாரே, ஒல்லியா ஒரு பெரியவர்?"

"அவர்தான். என் தொடைய இடிச்சு, இப்ப விழுவான் பாரு, இப்ப விழுவான் பாருன்னு சொல்லிக்கிட்டே இருப்பாரு. அவரு போனப்புறம் நான் வரல. அந்தக் காலி நாற்காலிய நான் எதுக்குப் பாக்கணும்?"

அதற்குமேல் கடை கலகலப்பாகிவிட்டது. கால்சட்டையின் பின்புறம் இருக்கும் பழைய ஒட்டுத்தையல் பீப்பாயின் கைங்கரியம் இல்லை, அப்பா கேப்டன் முன்னால் விறைப்பாகச் சல்யூட் அடித்தபோது கிழிந்தது என்று கடைக்காரம்மா சொன்னார். கடைக்கு எதிர்வீட்டு மாடியில்தான் அவர்கள் குடியிருந்தார்களாம். பசித்தால் அப்பா கடை வாசலில் நின்று இரண்டு துடைக்கும் துணிகளை அசைத்து அம்மாவிடம் சாப்பாடு ஆயிற்றா என்று கேட்பாராம். அம்மா ஜன்னலிலிருந்து கரண்டியை அசைப்பாராம். "அம்மாவுக்கு ஒரே ஒரு சேதிதான் சொல்லத் தெரியும். இன்னும் ஆகல."

அந்த வாரமே கடைக்காரம்மா உடுப்பறைக்கு வந்தார். சட்டை அட்டைப் பெட்டிக்குள் படுத்திருந்தது. மடிப்பு விழும் இடமெல்லாம் மெல்லிய காகிதத்தைச் சுருட்டி அண்ணி மெத்தை வைத்திருந்தாள். பக்கத்தில் சேர்த்த துண்டுகளைப் பிரித்து எடுத்ததில் அது உண்மையான அளவுக்கு வந்திருந்தது. கடைக்காரம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு காலரை ஒரு விரலால் தொட்டார்.

"இவ்வளவு சின்ன ஆளா எங்கப்பா?" என்றார். பிறகு, "அரிக்கத்தான் செய்யுது" என்றார்.

காலரில் அப்பியிருந்த மேடைச் சாயத்தைத் துணி டாக்டர் கொஞ்சம்தான் எடுத்திருந்தாள். மீதியும் அந்தச் சட்டை வாழ்ந்த வாழ்க்கைதானே என்பது அவள் கட்சி. போர்க்காலக் கூடத்தில் வைக்கத் தரச் சொல்லிக் கேட்டாள். கடைக்காரம்மா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். கொடிக்காரர் பெயருக்குக் கீழே, அதற்கப்புறம் அதைப் போட்டுச் சிரிக்க வைத்தவர் பெயரும் இருக்க வேண்டும்.

மேடைக்கு அண்ணி அதே மாதிரி புதிதாக ஒன்று தைத்தாள், பீப்பாயின் நிஜ அளவுக்கு, மூச்சுவிட இடம் வைத்து. அவன் போட்டுப் பார்த்துவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். "அரிக்கவே இல்ல அண்ணி. அரிக்காம எனக்கு நடிப்பு வராது." கழுத்துக்கு உள்ளே முரட்டுக் கம்பளியில் ஒரு பட்டை வைத்துத் தைத்த பிறகுதான் அவன் அடங்கினான். முதல் காட்சிக்குக் கடைக்காரம்மா வந்தார். ஓரத்து நாற்காலியில் தானே உட்கார்ந்துகொண்டார்.

அருங்காட்சியகத்தில் சட்டையை வைத்த ஞாயிற்றுக்கிழமை, ஒத்திகைக்கு ஆளைக் காணோமே என்று அண்ணி தேடிப் போனாள். பீப்பாய் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, வருகிறவர் போகிறவர் எல்லாருக்கும் பெயர் அட்டையின் கீழ் வரியை விரலால் காட்டிக்கொண்டிருந்தான்.

"படிச்சீங்களா? இது நான்தான். மேல இருக்காரே, அவரு என் ரசிகர்."

"போதும் வா" என்று அண்ணி அவன் கையைப் பிடித்து இழுத்தாள். வாசலுக்கு வரும்வரை அவளுக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை.